மெஷின் ஓடும்போது பேசக்கூடாது

பூவரசனுக்கு டென்ஷன் ஆகக் கூடாது. அந்த வீட்டின் சட்டம் இது ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருந்த அந்த வீட்டில் மற்றதெல்லாம் இது போட்ட குட்டிகள். குக்கர் விசில் அடிக்கக் கூடாது, அதனால் அனுசுயா தினமும் சோறு வடித்தாள். டிவியில் செய்தி ஓடக் கூடாது. வாசல் மணி திடீரென்று அடித்தால் நெஞ்சு படபடக்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்ட பூவரசன், 'மணி அடிக்க வேண்டாம், போன் செய்யவும்' என்று ஓர் அட்டையைக் கதவில் ஒட்டினார். அட்டையில் இருந்தது தன் நம்பர் இல்லை, பெண்டாட்டியின் நம்பர். பார்சல்காரன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் தில்லை நகரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் அனுசுயாவைக் கூப்பிடுவான். அவள் கீழ்வீட்டுப் பவுனம்மாளைக் கூப்பிட்டு வாங்கி வைக்கச் சொல்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் பூவரசன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் அவருக்குத் தலை சுற்றியது. பிரஷர் இருக்கிறது என்றார் டாக்டர் சித்தார்த்தன். மாத்திரை எழுதிவிட்டு, "டென்ஷன் ஆகாம பாத்துக்கங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பூவரசனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பையோடு நின்றிருந்த அனுசுயாவைப் பார்த்தார். பூவரசனும் திரும்பி அவளைத்தான் பார்த்தார். அவ்வளவுதான், பொறுப்பு கை மாறிவிட்டது. ஒரே மாதத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், அதன் பிறகு ஒரு கெட்ட செய்தியைக் கூட நேரடியாகக் கேட்டதில்லை. எல்லாம் அனுசுயா வழியாக, வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஆற்றித்தான் வரும். பாதி வரவே வராது.

பெங்களூரில் இருக்கும் மகள் விஜயராணி வாரா வாரம் போன் செய்து, "அப்பாவ டென்ஷன் பண்ணாம பாத்துக்கம்மா" என்பாள். பெற்ற மகளே அப்படித்தான்.

இந்த அரசாங்கத்தின் தினசரி பூஜை காலையில் நடக்கும். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் பிரஷர் பார்க்கும் மெஷின். பூவரசன் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை ஸ்டூலில் நீட்டுவார். அனுசுயா புஜத்தில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்த வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னது பூவரசனுக்கு; பூவரசன் அதை ஊருக்கே சட்டமாக்கிவிட்டார். மெஷின் ஓடும்போது மிக்ஸி ஓடக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது, போன் அடிக்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. மேல்வீட்டில் நாற்காலி இழுத்த சத்தத்துக்காக அனுசுயா இரண்டு முறை மேலே போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மெஷின் உர்ரென்று காற்றை ஏற்றி இறக்கி முடிக்கும் வரை அந்த வீட்டில் கொசு பறக்கவும் அனுமதி இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெஷின் நூற்று அறுபத்து நான்கு காட்டியது.

பூவரசனின் முகம் வெளிறிவிட்டது. "மறுபடி போடு" என்றார். நூற்று அறுபத்து ஆறு. "நேத்து நான் ஒண்ணுமே சாப்பிடலையே" என்றார். முந்தின நாள் சாயங்காலம் தெருமுனைக் கடையில் அவர் வாழைக்காய் பஜ்ஜி தின்றதை அனுசுயா பஸ்ஸில் இருந்தே பார்த்திருந்தாள். ராத்திரி தயிர்சாதத்துக்கு மாவடு கேட்டு வாங்கியதும் அவளுக்குத் தெரியும். ஞாபகப்படுத்தினால் டென்ஷன் ஆவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"மெஷின்தான் கோளாறு. நீ உக்காரு, உன் கையில போட்டுப் பாப்போம்."

"இட்லி அடுப்புல இருக்குங்க."

"அது வேகட்டும். உக்காருங்கிறேன்ல."

இரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பட்டை கையை இறுக்கியது. அடுப்பில் தண்ணீர் வற்றியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது. நூற்றுத் தொண்ணூற்று எட்டு, கீழே நூற்றுப் பதினாறு.

பூவரசன் தொடையில் தட்டிச் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல? உனக்கே நூத்தித் தொண்ணூத்தெட்டு காட்டுது. உனக்கு எங்க பிபி? கல்லுக்குண்டாட்டம் இருக்க. சனியன் பிடிச்ச மெஷின், மனுசன பயமுறுத்திடுச்சு. வாரண்டி இருக்குல்ல, போறப்ப எடுத்துட்டுப் போயி கடைக்காரன் மூஞ்சில வீசிட்டு வேற வாங்கிட்டு வா."

அனுசுயாவும் சிரித்தாள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஆணி அறைந்த மாதிரி ஒரு வலி எத்தனையோ மாதமாக அவளுக்கு இருந்தது. தினமும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுத்தாள். படி ஏறினால் காதுக்குள் இரைந்தது. இருந்தும் அந்த எண்ணைப் பார்த்து, ஆமாம், மெஷின் கெட்டுத்தான் போய்விட்டது என்று அவளும் நம்பினாள். அந்த வீட்டில் நோயாளி என்கிற பதவி ஒன்றே ஒன்றுதான், அதில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அவள் கையில் மெஷின் இப்படிக் காட்டினால் கெட்டது மெஷினாகத்தானே இருக்க முடியும்.

மெஷினை டப்பாவில் போட்டு, டிபன் பாக்ஸுக்கு மேல் வைத்து, பஸ் ஏறினாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. உப்பிலியபுரத்தில் இருந்து பூவரசனின் அக்கா வீரம்மாள். இந்த அம்மாளுக்கும் பூவரசனின் தம்பி வெள்ளைச்சாமிக்கும் வண்டிப் பாதைத் தகராறு. வெள்ளைச்சாமி தன் வயலுக்கு வேலி போடுகிறேன் என்று, வீரம்மாளின் வயலுக்கு டிராக்டர் போகிற பாதையில் பாதியை உள்ளே வளைத்துவிட்டான். சொத்து அவர்களுடையது, பாதை அவர்களுடையது, கூடப் பிறந்தவர்களும் அவர்களே. பஞ்சாயத்து மட்டும் அனுசுயாவுடையது.

"அனுசுயா, அவன் இன்னைக்கு கல்லுக்கால் நட்டுட்டான். நீ என்னான்னு கேக்குறியா இல்லையா?"

"கேக்குறேன் அண்ணி."

"இதத்தான் போன மாசமும் சொன்ன. தம்பி காதுல மட்டும் போட்டுறாத. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"போடல அண்ணி."

"உனக்கென்ன, ஆபீசு ஆபீசுன்னு ஜாலியா கெளம்பிப் போயிடுற. இங்க எங்க பொழப்பு நாறுது."

அடுத்து வெள்ளைச்சாமியின் போன். "அண்ணி, அக்கா உங்ககிட்ட வத்தி வெச்சிருக்குமே. நீங்க நியாயமா பேசுங்க. ஒரு பக்கமா பேசினீங்கன்னா அப்புறம் நான் அண்ணன்கிட்டயே நேரா வந்துருவேன். அவருக்கு ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பு இல்ல." பச்சை மிரட்டல். துப்பாக்கிக்குப் பதிலாகப் பூவரசனின் ரத்த அழுத்தத்தைப் பிடித்து அவள் நெற்றியில் வைத்தான்.

ஆபீஸிலும் அவளுக்கு இதேதான் உத்தியோகம். இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திருச்சியில் யார் வீட்டில் நெட் போனாலும் அவள் காதில்தான் கத்துவார்கள். "சொல்லுங்க சார், புரியுது சார், உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்." குழி தோண்டி ஒயரை அறுத்தவன் எவனோ, வாங்கிக் கட்டிக்கொள்பவள் இவள். அன்று காலை ஒருவர், மேட்ச் பார்க்க முடியவில்லை என்பதற்காக அவளுடைய பிறப்பைப் பற்றி விசாரித்தார். அவரிடமும் வருந்தினாள்.

போன மாதம் கம்பெனியே இதற்கு ஒரு பரிகாரம் செய்தது. மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று பேனர் கட்டி, சென்னையில் இருந்து கோட்டுப் போட்ட ஒருவரைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி, அமைதியாக ஓடும் ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அனுசுயா காவிரியை நினைத்தாள்; உடனே வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் வந்தது ஞாபகம் வந்தது. பிறகு அவர், "முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க. தைரியமா சொல்லுங்க, முடியாது" என்றார். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் "முடியாது" என்றார்கள். பயிற்சி முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து, வகுப்பு நடந்த நேரத்தில் குவிந்துபோன போன்களை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அதே குரலில் எல்லோரும் "சரிங்க சார்" என்றார்கள். பக்கத்து சீட் பிரேமலதா மட்டும் ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அனுசுயா மெஷின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். தில்லை நகர் மெயின் ரோட்டில் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடை. முதலாளி அர்ஹம் சின்ன வயதுக்காரர், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவளுடைய நடையைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது.

"என் வீட்டுக்காரருக்கு நூத்தி அறுபத்தி நாலு காட்டுது. எனக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு காட்டுது. இந்த லட்சணத்துல மெஷின் விக்கிறீங்க" என்றாள். வாடிக்கையாளர்கள் தன் காதில் கத்துகிற அதே தொனியில் தானும் பேசுவது அவளுக்கே கேட்டது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது.

அவர் தன் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். நூற்றுப் பதினெட்டு. கடையில் வேலை பார்க்கும் சகாயம்மாளைக் கூப்பிட்டு அவர் கையில் போட்டார். நூற்று முப்பது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். உக்காருங்க, கைய நீட்டுங்க" என்றார்.

இருநூற்று இரண்டு.

அர்ஹம் அலமாரியில் இருந்து புது மெஷின் ஒன்றை எடுத்துப் பிரித்துப் போட்டார். அதுவும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. இப்போது அவர் முகத்தில் சண்டைக்குத் தயாராக இருந்த அந்த இறுக்கம் இல்லை. ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "மேடம், இது கடை விஷயம் இல்ல. வீட்டுக்காரர உடனே வரச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போங்க" என்றார். சகாயம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அனுசுயாவுக்கு வந்தது பயம்தான். ஐம்பத்தொரு வயதில், இப்படியே பட்டென்று விழுந்துவிடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மெஷின்ல கோளாறு இல்லையாம். கடைக்காரர் அவர் கையில போட்டுப் பாத்துட்டாரு. சரியாத்தான் காட்டுதாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த நேரத்துக்குள், இருபத்தேழு வருஷம் அவருக்குச் சோறு போட்ட அவள், ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். கஷ்டமான கேள்வி இல்லை. 'அப்ப உனக்கு?' என்று இரண்டே வார்த்தை.

"அப்ப எனக்கு நூத்தி அறுபத்தி நாலா?" என்றார் பூவரசன்.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"ஏன்டி வாய மூடிக்கிட்டிருக்க? எனக்கு இங்க படபடங்குது. சித்தார்த்தன் டாக்டர்கிட்ட இன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் போடு. முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போ. கேக்குதா?"

"கேக்குது" என்றாள். போனை வைத்துவிட்டு, அதை அணைத்தும் விட்டாள். கடைசியாக எப்போது அதை அணைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

பிறகு அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். சாதாரணக் கோபம் இல்லை. பல்லைக் கடிக்க வைக்கிற கோபம். இந்த மனுஷனின் நெஞ்சு படபடக்கக் கூடாது என்று இரண்டு வருஷமாகத் தன் நெஞ்சில் அத்தனையையும் வாங்கிப் போட்டுக்கொண்டவள் அவள். குப்பைத் தொட்டிக்குக் கூட வாரத்தில் ஒரு நாள் காலி செய்ய ஆள் வருவான்.

டாக்டர் சித்தார்த்தனின் கிளினிக் நாலு கடை தள்ளித்தான். ரிசப்ஷனில் இருந்த அமலராணிக்கு அவளைத் தெரியும். பார்த்ததும் பூவரசனின் ஃபைலை எடுத்துவிட்டாள்.

"சார் கீழ ஆட்டோல இருக்காராக்கா?"

"அவருக்கு இல்ல. அனுசுயான்னு போடு."

"உங்களுக்கா? அப்ப புது பேஷன்ட்டா போடணும்."

"போடு. புதுசுதான்."

உள்ளே டாக்டரும் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் பூவரசனைத்தான் தேடினார். பிறகு தன் கையாலேயே அளந்தார். இரண்டாவது முறையும் அளந்தார். விளக்கு அடித்துக் கண்ணைப் பார்த்தார். தலைவலி உண்டா, காது இரையுமா, தூக்கம் வருதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம், ஆமாம், இல்லை என்றாள்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு? மாசா மாசம் இங்க வர்றீங்க, ஒரு வார்த்த சொல்ல வேணாமா? இத்தன நாளா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். அவருக்கும் கோபம்.

"உங்க பேஷன்ட்ட பாத்துக்கிட்டிருந்தேன் சார்" என்றாள் அனுசுயா. "நீங்கதான் பாத்துக்கச் சொன்னீங்க."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். அந்த வாக்கியத்தை அவர் எத்தனை பேரின் பெண்டாட்டிகளிடம் சொல்லியிருப்பாரோ. ஒரு மாத்திரையைப் போடச் சொல்லி, உள்ளறைக் கட்டிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்க வைத்து, திரும்ப அளந்து, கொஞ்சம் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், ஈசிஜி, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்க வேண்டும். சாயங்காலமும் ராத்திரியும் வீட்டில் அளந்து பார்க்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வாய் குழறினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில், "டென்ஷன் ஆகாம..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபீஸுக்குத் திரும்பாமல் நேராக ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோவில் வந்தாள். அவள் படி ஏறுவதற்குள் மேலே கச்சேரி ஆரம்பித்திருந்தது. வெள்ளைச்சாமி சொன்னபடியே வந்துவிட்டான். அவன் வந்துவிடுவான் என்று பயந்து வீரம்மாளும் பின்னாலேயே பஸ் ஏறியிருந்தார். வாசலில் மணி இல்லை, அனுசுயாவின் போனும் எடுக்கவில்லை என்று பவுனம்மாள்தான் மேலே வந்து கதவைத் தட்டித் திறக்க வைத்திருந்தார். பூவரசன் அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே, நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துகொண்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவும் தம்பியும் ஹாலில் நின்று, பூவரசன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று, கிசுகிசுக் குரலிலேயே ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சண்டை போட அந்தக் குடும்பத்தால்தான் முடியும்.

அனுசுயாவைக் கண்டதும் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"எங்க போயித் தொலைஞ்ச? போன எதுக்கு அமத்தி வெச்ச?" என்றார் வீரம்மாள், பல்லுக்கு இடையில்.

"அண்ணி, இன்னைக்கு நீங்க ஒரு முடிவு சொல்லியாகணும்" என்றான் வெள்ளைச்சாமி.

உள்ளறைக் கதவு திறந்தது. பூவரசன் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார். "அப்பாயின்ட்மென்ட் போட்டியா?"

"போட்டேன். போயிட்டும் வந்துட்டேன்."

"நான் இல்லாமயா?"

"எனக்குப் போட்டேன். எனக்கு இருநூறுக்கு மேல இருக்குங்க. டாக்டர் படுக்க வெச்சு மாத்திர குடுத்து அனுப்பினாரு. எந்நேரமும் ஏதாச்சும் ஆகலாமாம்."

வீரம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பூவரசன் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பட்டறையில் வருஷக்கணக்காக ஓடிய இயந்திரம் திடீரென்று லீவு கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"இப்படித் திடுதிப்புன்னு வந்து சொன்னா எனக்கு டென்ஷன் ஆகாதாடி?" என்றார்.

இதைக் கேட்டு வெடித்துவிடுவோம் என்றுதான் அனுசுயா நினைத்தாள். வெடிக்கவில்லை. வெடிப்பதற்குக் கூட இந்த ஆளுக்காகத் தன் ரத்தத்தைச் செலவழிக்க அவளுக்கு மனசில்லை. பையில் இருந்து மெஷினை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதத்தைத் தரையில் பதித்தாள். பட்டையைத் தன் கையில் தானே சுற்றினாள்.

"அண்ணி, தம்பி. வண்டிப் பாதை விஷயத்த இவர்கிட்டயே பேசிக்கங்க. ரெண்டு வருஷமா இவருக்குத் தெரியாம நான் உங்களுக்கு மத்தியஸ்தம் பண்ணிட்டிருந்தேன். இனிமே என்னால முடியாது."

பயிற்சி வகுப்பில் சொன்ன அதே வார்த்தைதான். அன்று அது அவளுக்கு வாயளவில்தான் இருந்தது.

"என்னது, வண்டிப் பாதையா? எந்தப் பாத?" என்றார் பூவரசன்.

வெள்ளைச்சாமி ஆரம்பித்தான், வீரம்மாள் குறுக்கே பாய்ந்தார். இரண்டு வருஷம் கிசுகிசுத்துக் கிசுகிசுத்துக் கட்டிப்போயிருந்த தொண்டைகள் திறந்துகொண்டன. கல்லுக்கால், வேலி, டிராக்டர், செத்துப்போன அப்பன் சொன்ன சொல், கல்யாணத்தில் போடாத நகை என்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. பூவரசன் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை என்றதும் கையை எடுத்துவிட்டார். பிறகு, "டேய், யாரக் கேட்டுடா கல்லு நட்ட?" என்று கத்தினார். ஒரு பட்டறையையே அடக்கிய ஃபோர்மேன் குரல், பத்திரமாக அப்படியே இருந்தது. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றுபோனது. வாசலில் பவுனம்மாள் வந்து எட்டிப் பார்த்தார்.

கத்திக் கத்தி மூச்சு வாங்கிய பூவரசன் அவள் பக்கம் திரும்பினார். "அனு, நீ சொல்லு. இதுங்களுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும். நீ சொன்னாத்தான் கேக்கும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். வழக்கமான பார்வைதான். கழுத்துக்குப் பின்னால் ஆணி அசைந்தது. அவளுக்குப் பதில் தெரியும். கல்லுக்காலை எங்கே தள்ளி நட்டால் டிராக்டரும் போகும், வேலியும் நிற்கும் என்று போன மாதமே யோசித்து வைத்திருந்தாள். நாக்கு நுனியில் இருந்தது.

அனுசுயா பட்டனை அழுத்தினாள். மெஷின் உர்ரென்றது. கையில் சுற்றியிருந்த பட்டையைக் காட்டிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

சட்டம் சட்டம்தானே. அதைப் போட்டவரே முதலில் வாயை மூடினார். வீரம்மாள் சொல்ல வந்ததை விழுங்கினார். வெள்ளைச்சாமி எடுத்து வைக்கப் போன காலை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டான். வீட்டில் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பட்டை இறுகி, மெல்ல மெல்லத் தளர்ந்தது.

நூற்று எண்பத்து நான்கு. இன்னும் ஆபத்துதான். ஆனால் அந்த மௌனத்தில் அவள் ஒரு முழு மூச்சு விட்டிருந்தாள்.

மெஷின் நின்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அனுசுயா மறுபடியும் பட்டனை அழுத்தினாள்.